விழுங்கக் கற்றுக்கொடுத்தவர்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கை காலைப் பற்றித்தான். "கையைத் தூக்குறாரா? நடக்கிறாரா? பேச்சு தெளிவா வருதா?" என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடும். ஒரு வாய்த் தண்ணீரை அவரால் சரியாக விழுங்க முடிகிறதா என்று கேட்பவர்கள் அபூர்வம். பக்கவாதத்துக்குப் பிறகான முதல் வாரங்களில் உயிரைக் கொண்டுபோகிற காரணங்களில் நிமோனியா முன்வரிசையில் இருக்கிறது. அதில் கணிசமான பங்கு, வயிற்றுக்குப் போகவேண்டியது நுரையீரலுக்குப் போவதால் வருவது.

எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல்? கனடாவின் ரோஸ்மேரி மார்ட்டினோவும் சக ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2005ல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். மேலோட்டமாகச் சோதித்தால் பக்கவாத நோயாளிகளில் 37 முதல் 45 சதவீதம் பேருக்கு விழுங்குவதில் கோளாறு தெரிகிறது. பயிற்சி பெற்றவர் படுக்கையருகில் உட்கார்ந்து முறையாகப் பரிசோதித்தால் அது 51 முதல் 55 ஆகிறது. எக்ஸ்ரே போன்ற கருவிகளை வைத்துப் பார்த்தாலோ 64 முதல் 78 சதவீதம். தேடும் முறை கூர்மையாகும்தோறும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோளாறைக் கண்ணுக்குத் தெரியவைத்து, பிறகு அதைத் திருத்தவும் முடியும் என்று நிரூபிக்க மருத்துவத்துக்கு ஏறத்தாழ இருநூறு வருடங்கள் ஆயின.

விழுங்குவது எவ்வளவு சிக்கலான காரியம் என்பது அது கெட்ட பிறகுதான் விளங்கும். தொண்டையில் மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் ஒன்றையொன்று கடக்கின்றன. ரயில் வரும்போது லெவல் கிராஸிங்கில் கேட் விழுவதைப் போல, உணவு வரும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நிற்கவேண்டும். குரல்வளை மேலும் முன்னும் எழும்ப வேண்டும், குரல் நாண்கள் இறுக மூட வேண்டும், குரல்வளை மூடி சாய வேண்டும், உணவுக்குழாயின் வாசல் திறக்க வேண்டும். முகம், தாடை, நாக்கு, தொண்டை ஆகியவற்றின் முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் இதில் வேலை செய்கின்றன. தூங்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் அறுநூறு முறை நாம் விழுங்குகிறோம், பெரும்பாலும் நமக்கே தெரியாமல், வெறும் உமிழ்நீரை. மூளையில் ஓர் இடத்துக்கு ரத்தம் போவது தடைபட்டால் இந்த வரிசையில் எந்தக் கண்ணியும் அரை நொடி பிந்திவிடலாம். அரை நொடி போதும்.

1790ல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவரிடம் சுமார் ஐம்பது வயது மனிதர் ஒருவர் வந்தார். விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தன, எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஹண்டர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய உடற்கூறியல் அறிஞர். அவர் செய்த கருவியைப் படிக்கும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது. தொண்டையில் சிக்கியதைத் தள்ளப் பயன்படும், நுனியில் பஞ்சு வைத்த திமிங்கில எலும்புக் குச்சி ஒன்றை எடுத்தார். அதன்மேல் புதிதாக உரித்த விலாங்கு மீனின் தோலை உறைபோல இழுத்துப் போர்த்திக் கட்டினார். கட்டுக்குச் சற்று மேலே தோலில் நீளவாக்கில் சிறு கீறல். மறுமுனையில் ஒரு மரக்குழலும் விலங்கின் சிறுநீர்ப்பையும். பையைப் பிதுக்கினால் உள்ளிருக்கும் திரவம் தோலுறை வழியாக வயிற்றுக்குப் போய்ச் சேரும். அப்படிப் போனவை கூழ்ப் பண்டங்கள், தண்ணீரில் அடித்த முட்டை, சர்க்கரை, பால், ஒயின். கூடவே மருந்துகளும். அந்த மனிதர் தேறினார், விழுங்கும் திறனும் திரும்பியது. ஹண்டர் இதைக் கட்டுரையாக எழுதினார். அது 1793ல் அச்சானது.

அந்தக் கட்டுரையின் தலைப்பு விழுங்கும் தசைகளின் வாதம் குணமானதாகச் சொல்கிறது. குழாய் செய்தது பட்டினியிலிருந்து காப்பாற்றியது மட்டும்தான், குணமாக்கியது உடல். இந்த வேறுபாட்டை மருத்துவம் நெடுநாள் கவனிக்கவில்லை. அடுத்த 180 வருடங்கள், விழுங்க முடியாதவருக்கு என்ன வழி என்ற கேள்விக்கு இன்னும் நல்ல குழாய் ஒன்றே பதிலாக இருந்தது.

அந்தக் குழாய்களில் ஒன்று தமிழ்நாட்டு வீடுகளுக்கும் நன்றாகத் தெரிந்தது. பக்கவாத வார்டில் மூக்கு வழியாகப் போட்டு நெற்றியிலோ மூக்கிலோ பிளாஸ்திரியால் ஒட்டியிருக்கும் 'ரைல்ஸ் ட்யூப்' அது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் ரைல் 1921ல் அதை வடிவமைத்தார். உணவு செலுத்துவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. வயிற்றில் சுரக்கும் அமிலத்தை அவ்வப்போது எடுத்துச் சோதிக்க அவருக்கு ஒரு மெல்லிய குழாய் தேவைப்பட்டது. எளிதாக இறங்குவதற்காக நுனியில் சிறு எடையையும் வைத்தார். அதே 1921ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஆப்ரஹாம் லெவின் மூக்கு வழியே செலுத்தும் தன் குழாயை அறிவித்தார். ரைல் பின்னாளில் ஆக்ஸ்போர்டில் சமூக மருத்துவத்தின் முதல் பேராசிரியர் ஆனார். பிரிட்டனில் அவரை அந்தப் பணிக்காக நினைவுகூர்கிறார்கள். இந்திய வார்டுகளில் அவர் பெயர் கஞ்சியும் பாலும் இளநீரும் போகும் குழாயாக நிலைத்துவிட்டது.

மூக்குக் குழாய் உறுத்தும், நழுவும், நோயாளியே பிடுங்கிவிடுவார். வயிற்றுச் சுவர் வழியாக நேரே இரைப்பைக்குக் குழாய் வைக்க அதுவரை பெரிய அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது. 1979 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்டில் மைக்கேல் காடரரும் ஜெஃப்ரி பான்ஸ்கியும் நாலரை மாதக் குழந்தை ஒன்றுக்கு, வயிற்றைத் திறக்காமல், எண்டோஸ்கோப்பின் துணையோடு அந்தக் குழாயைப் பொருத்தினார்கள். 'பெக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்தது வெகு சீக்கிரத்தில் முதியவர்களுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. குழாய் போடுவது சுலபமானதும் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் சுலபமாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

விழுங்குவதைத் திருத்த வேண்டுமானால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். அந்தக் கதை ஒரு வாத்திடமிருந்து தொடங்குகிறது.

1895 நவம்பரில் ரான்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் முதலாண்டு மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனனிடம், பேராசிரியர் ஹென்றி பௌடிச் இந்தப் புதிய கதிரை வைத்து உணவு இறங்குவதைப் பார்க்கச் சொன்னார். 1896 டிசம்பரில் ஒரு நாய் முத்துச்சிப்பிப் பித்தானை விழுங்குவதைக் கேனன் ஒளிரும் திரையில் பார்த்தார். அடுத்து நீண்ட கழுத்துள்ள பெரிய வாத்து. கதிர் ஊடுருவாத பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தபோது, அது கழுத்தில் இறங்கும் வேகமும் விதமும் அப்படியே தெரிந்தன. அதே மாதம் பாஸ்டனில் கூடிய உடலியல் அறிஞர்களுக்கு முன்னால் அதைக் காட்டவும் செய்தார்கள். கேனன் பின்னாளில் உடல் தன் உள்நிலையைச் சமனில் வைத்துக்கொள்ளும் விதத்தை விளக்கி உலகப் புகழ் பெற்றார். இளமையில் பாதுகாப்பின்றிக் கையாண்ட கதிர் அவர் தோலைக் கடைசிவரை வாட்டியது. 1910 வாக்கில் பிஸ்மத்தின் இடத்துக்குப் பேரியம் வந்தது. இன்றும் அதுதான்.

பேரியத்தைக் குடிக்கச் சொல்லிப் படம் எடுப்பது அதன்பின் எல்லா ஊர்களிலும் நடந்தது. உணவுக்குழாயில் புற்று இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கவே அது பயன்பட்டது. ஒரு டம்ளர் பேரியத்தைக் கடகடவென்று குடிக்கச் சொல்வார்கள். பக்கவாதம் வந்தவரிடம் அப்படிச் சொன்னால் அது நேராக நுரையீரலுக்குப் போகும் என்பதால், அவர்களை அந்த அறைக்கே கொண்டுபோக மாட்டார்கள். மேலும், தொண்டையில் நடப்பது ஒரே நொடியில் முடிந்துவிடுகிறது. நின்ற படம் அதைப் பிடிக்காது. 1950களில் எக்ஸ்ரே பிம்பத்தை ஓடும் படமாகப் பதிவு செய்யும் வசதி வந்த பிறகுதான் அந்த நொடியை நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

வசதி வந்தது. அதை நோயாளிக்காகப் பயன்படுத்தும் எண்ணம் வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. அந்த எண்ணம் வந்த இடமும் எதிர்பாராதது. நரம்பியல் நிபுணரோ தொண்டை அறுவை மருத்துவரோ அதைத் தொடங்கவில்லை, பேச்சுப் பயிற்சி தருபவர்கள் தொடங்கினார்கள். நாக்கு, அண்ணம், குரல்வளை ஆகியவற்றின் அசைவை அன்றாடம் கவனிப்பவர்கள் அவர்கள். பேச்சுக்கு வேண்டிய உறுப்புகள்தான் விழுங்கவும் வேண்டும். 1972ல் ஜார்ஜ் லார்சன் என்ற அமெரிக்கப் பேச்சு சிகிச்சையாளர், வாதத்தால் விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மறுவாழ்வு அளிப்பது பற்றிப் பேச்சுத் துறையின் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். தானாக நடந்துகொண்டிருந்த விழுங்கலை, அது கெட்ட பிறகு, நோயாளி தன் எண்ணத்தால் நடத்தப் பழகலாம் என்பது அவர் வாதம். மூச்சை இழுத்து அடக்கு, அடக்கியபடியே விழுங்கு, உடனே இருமு, மறுபடி விழுங்கு. குரல் நாண்களை வேண்டுமென்றே முன்கூட்டி மூடவைக்கும் உத்தி இது. இருதயக் கோளாறும் சேர்ந்திருக்கும் பக்கவாத நோயாளிகளுக்கு இப்படி மூச்சடக்குவது இதயத் துடிப்பைக் குலைக்கலாம் என்று 2002ல் ஓர் ஆய்வு எச்சரித்தது. எனவே இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இந்தத் துறைக்கு உருக்கொடுத்தவர் ஜெரி லோகமன். சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேச்சு நோயியல் பேராசிரியர். வாய்ப் புற்றுநோய்க்கு நாக்கின் ஒரு பகுதியை இழந்தவர்களோடும் நரம்பு நோயாளிகளோடும் அவர் 1970களில் வேலை செய்துகொண்டிருந்தார். பேரியம் சோதனையை அவர் மாற்றி அமைத்த விதம் எளியது, அதனாலேயே அழகானது. டம்ளரை எடுத்துவிட்டுத் தேக்கரண்டியை வைத்தார். முதலில் மூன்றில் ஒரு பங்கு தேக்கரண்டி திரவம். பிறகு அதே அளவு பேரியம் கலந்த புட்டிங். கடைசியில் பேரியம் பூசிய கால் துண்டு பிஸ்கட். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் லோர்னா டூன் என்ற நெய் பிஸ்கட். அதனால் அந்தச் சோதனைக்கே பிஸ்கட் சோதனை என்று பேர் வந்துவிட்டது. நோயாளி எந்த நிலையில் உட்கார்ந்து சாப்பிடுவாரோ அதே நிலையில் உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து படமெடுக்கப்பட்டு, வினாடிக்கு 30 சட்டங்களாக வீடியோவில் பதிவாகும்.

அளவைக் குறைத்தது பாதுகாப்புக்காக. லோகமன் செய்த பெரிய மாற்றம் சோதனையின் நோக்கத்தில் இருந்தது. உணவு மூச்சுக்குழாயில் போகிறதா இல்லையா என்று கண்டு, போனால் வாயை மூடிக் குழாய் போடச் சொல்வது பழைய முறை. ஏன் போகிறது, விழுங்குவதற்கு முன்பா, விழுங்கும்போதா, பின்பா என்று லோகமன் கேட்டார். நாக்கு பிடிமானம் இழந்து முன்னதாகவே நழுவுகிறதா? குரல்வளை எழும்பவில்லையா? தொண்டையின் ஒரு பக்கம் தளர்ந்து மிச்சம் தேங்கி, பிறகு வழிகிறதா? காரணம் தெரிந்ததும் அந்த அறையிலேயே, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தீர்வை முயன்று பார்ப்பார். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்திக்கொண்டு விழுங்கச் சொல்வார். தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்வார். எது பலிக்கிறதோ அது சிகிச்சை. 1983ல் வெளியான அவருடைய பாடநூல் விழுங்கல் கோளாறுகளைக் கண்டறிவதையும் குணப்படுத்துவதையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது. 2014ல் அவர் மறைந்தபோது, அதைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே பல நாடுகளில் வேலை செய்துகொண்டிருந்தது.

தலையைத் திருப்பும் உத்திக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முகுளத்தின் பக்கவாட்டில் ஏற்படும் பக்கவாதத்தை 1895ல் டான்ட்ஸிக் நகரின் அடால்ஃப் வாலன்பர்க் துல்லியமாக விவரித்தார். கை காலில் பலம் பெரும்பாலும் இருக்கும், தலைசுற்றும், தொண்டையின் ஒரு பாதி மட்டும் செயலிழந்து ஒரு மிடறு தண்ணீரும் இறங்காது. நோயின் பெயரில் வாலன்பர்க் நிலைத்தார், நோயாளிகளுக்கோ தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1989ல் லோகமன் குழு அப்படிப்பட்ட ஐந்து பேரைப் பலவீனமான பக்கம் தலையைத் திருப்பி விழுங்கச் சொன்னது. செயலிழந்த பாதி மடங்கி அடைபட்டு, நல்ல பாதி வழியாக உணவு இறங்கியது. முன்பைவிட அதிகப் பங்கு உள்ளே போனது.

படங்கள் வெளிக்கொண்டுவந்த மிக முக்கியமான செய்தி வேறொன்று. நம் வீடுகளில் சாப்பிடும்போது புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். இருமித் தும்மிக் கண்ணில் நீர் வந்து அடங்கும். அந்த இருமல்தான் காவல். பக்கவாதம் குரல்வளையின் உணர்ச்சியைப் பறித்துவிட்டால் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. நோயாளி அமைதியாகச் சாப்பிடுவார், ஊட்டுகிறவர் நிம்மதியடைவார், நுரையீரலில் சளி கட்டிக்கொண்டிருக்கும். 1988ல் அமெரிக்காவில் 107 பேரைப் படுக்கையருகிலும் வீடியோ எக்ஸ்ரேயிலும் சோதித்து ஒப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் பக்கம் உணவு போவது தெரிந்தவர்களில் 42 சதவீதம் பேரைத்தான் படுக்கையருகுச் சோதனை பிடித்திருந்தது. மீதிப் பேர் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டிருப்பார்கள்.

அதே 1988ல் சூசன் லாங்மோரும் சக ஆய்வாளர்களும் மூக்கு வழியாக மெல்லிய ஃபைபர் ஆப்டிக் கேமராவை நுழைத்துத் தொண்டையை மேலிருந்து பார்க்கும் முறையை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே அறை வேண்டாம், கதிர் வேண்டாம், படுக்கையிலேயே பார்க்கலாம். நிறம் சேர்த்த பாலோ தயிரோ விழுங்கும்போது எங்கே தேங்குகிறது என்று தெரியும். குரல் நாண்களின் மேல் உமிழ்நீர் குளம்போல் நிற்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கருவிகள் கட்டுப்படியாகாத ஊர்களுக்கும் வழி உண்டு. 1992ல் நியூயார்க் மாநிலத்தின் பர்க் மறுவாழ்வு மையம் சொன்ன சோதனைக்கு வேண்டியது 90 மில்லி தண்ணீரும் ஒரு டம்ளரும். நோயாளி நன்கு விழித்திருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தாமல் குடிக்க வேண்டும். குடிக்கும்போதோ அடுத்த ஒரு நிமிடத்துக்குள்ளோ இருமினாலும், குரல் ஈரம் படிந்ததுபோல் களகளத்தாலும் சோதனையில் தேறவில்லை என்று பொருள். இதைப் பயிற்சி பெற்ற செவிலியர் செய்யலாம்.

விழுங்குவது ஏன் கெடுகிறது என்பதில் ஒரு தவறான நம்பிக்கையும் நெடுநாள் இருந்தது. மூளையின் ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் விழுங்குவதில் சிக்கல் வராது, மறுபக்கம் பார்த்துக்கொள்ளும் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 1987ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 91 பக்கவாத நோயாளிகளை வரிசையாகச் சோதித்தபோது 41 பேருக்கு விழுங்க முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பக்க மூளைதான் பாதித்திருந்தது. உயிர் பிழைத்தவர்களில் அநேகம் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் திறன் திரும்பியும்விட்டது. ஒரு பக்கப் பாதிப்பில் ஏன் கெடவேண்டும், பிறகு எப்படித் திரும்புகிறது?

விடை மான்செஸ்டரிலிருந்து வந்தது. ஷாஹீன் ஹம்டியும் குழுவினரும் தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டி, தொண்டைத் தசை எங்கிருந்து கட்டளை பெறுகிறது என்று வரைபடம் போட்டார்கள். இரு பக்க மூளையும் விழுங்கலை ஆள்கின்றன, ஆனால் ஒரு பக்கம் பெரும்பாலும் ஓங்கியிருக்கிறது என்று 1996ல் அறிவித்தார்கள். ஓங்கிய பக்கம் அடிபட்டால் விழுங்கல் கெடுகிறது. 1998ல் வந்த தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. குணமானவர்களின் படங்களை மாதக்கணக்கில் ஒப்பிட்டபோது, அடிபடாத பக்கத்தில் தொண்டைக்கான பகுதி விரிந்திருந்தது. குணமாகாதவர்களிடம் அந்த விரிவு இல்லை. மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அந்நாளில் இல்லை. கற்கக்கூடியது என்றால் கற்பிக்கவும் கூடும். சிகிச்சையாளர்கள் அனுபவத்தில் செய்துவந்ததற்கு அடிப்படை கிடைத்துவிட்டது.

பயிற்சிகள் பெருகின. மில்வாக்கியில் ரேசா ஷேக்கர் வகுத்தது தலை தூக்கும் பயிற்சி. மல்லாந்து படுத்து, தோளை அசைக்காமல் தலையை மட்டும் உயர்த்திக் கால் விரல்களைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் நிறுத்தி ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை. பிறகு 30 தடவை தூக்கி இறக்க வேண்டும். இது ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். தாடைக்குக் கீழுள்ள தசைகள் வலுப்பட்டுக் குரல்வளையை முன்னிழுக்க, உணவுக்குழாய் வாசல் அகலமாகத் திறக்கிறது. 2002ல் குழாய் உணவிலேயே இருந்த 27 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பொய்ப் பயிற்சி செய்தவர்களிடம் மாற்றம் இல்லை. உண்மைப் பயிற்சி செய்தவர்கள் வாய்வழி உணவுக்குத் திரும்பினார்கள். மசாகோ ஃபுஜியு என்ற ஜப்பானிய ஆய்வாளர் லோகமனோடு சேர்ந்து 1996ல் வெளியிட்டது, நாக்கின் நுனியைப் பற்களுக்கிடையில் மெல்லப் பிடித்தபடி வெறும் உமிழ்நீரை விழுங்கும் பயிற்சி. விஸ்கான்சினின் ஜோஆன் ராபின்ஸ், நாக்கால் மேலண்ணத்தை அழுத்தும் எட்டு வாரப் பயிற்சியைப் பத்துப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்து நாக்கின் வலிமை கூடியதை 2007ல் காட்டினார்.

இந்தத் துறையை மதிக்க முக்கியமான காரணம், தன் வைத்தியத்தைத் தானே சோதித்துப் பார்க்கும் நேர்மை. பனிக்கட்டியில் வைத்த சிறு கண்ணாடியால் உள்நாக்கின் இரு பக்க வளைவுகளைத் தடவினால் விழுங்கும் அனிச்சை விழிக்கும் என்று பல ஆண்டுகள் எல்லாரும் செய்தார்கள். ஜான் ரோசன்பெக் அதை 1990களில் முறையாக ஆராய்ந்தார். நீடித்த பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று அகப்படவில்லை. தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுப்பதும் அப்படித்தான். கெட்டித் திரவம் மெல்ல இறங்குவதால் மூச்சுக்குழாயில் போவது குறைகிறது, அதில் சந்தேகமில்லை. லோகமனும் ராபின்ஸும் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வு 2008ல் வெளிவந்தது. அதில் இருந்தவர்கள் பார்க்கின்சன் நோயும் மறதி நோயும் உள்ள முதியவர்கள். எக்ஸ்ரேயில் தேன்பதத் திரவம் நன்றாக வென்றது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நிமோனியாவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை, கெட்டித் திரவம் குடித்தவர்களிடம் நீரிழப்பு கூடியிருந்தது. கெட்டித் தண்ணீர் குடிக்க யாருக்கும் பிடிப்பதில்லை, குறைவாகக் குடித்துவிடுகிறார்கள். தங்கள் துறையின் பிரதான ஆயுதத்தைப் பற்றி இப்படி ஒரு முடிவைத் தாங்களே வெளியிட்டார்கள் என்பது சாதாரண விஷயமில்லை.

பயிற்சி மொத்தத்தில் பலிக்கிறதா என்ற கேள்விக்கு 2006ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து பதில் வந்தது. கிசெல் கார்னபி தலைமையில் 306 பக்கவாத நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒன்றுக்கு வழக்கமான கவனிப்பு, ஒன்றுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி, ஒன்றுக்கு வார நாள் எல்லாம் தீவிரப் பயிற்சி. ஆறு மாதம் கழித்து, பயிற்சி கூடக்கூட வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் கூடினார்கள், மார்புத் தொற்று குறைந்தது.

குழாயைப் பற்றிய கணக்கும் தீர்ந்தது. எடின்பரோவின் மார்ட்டின் டெனிஸ் குழு பல நாடுகளில் நடத்திய ஆய்வு 2005ல் வெளியானது. பக்கவாதம் வந்த தொடக்கத்திலேயே வயிற்றில் பெக் குழாய் பொருத்தியவர்கள், மூக்குக் குழாயோடு இருந்தவர்களைவிட நல்ல நிலையில் இல்லை, இன்னும் மோசமாக இருக்கும் சாயலே தெரிந்தது. முதல் இரண்டு மூன்று வாரம் மூக்குக் குழாயே போதும், அவசரம் வேண்டாம் என்பதுதான் இதன் சாரம்.

சின்னக் காரியங்கள் எவ்வளவு பெரிய பலன் தரும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் யோனேயாமாவும் சக ஆய்வாளர்களும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் முதியவர்களின் பல்லைத் துலக்கிவிடச் செய்து, இரண்டு வருடம் கவனித்தார்கள். வாய்ச் சுத்தம் செய்யப்படாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது, செய்யப்பட்டவர்களில் 11 சதவீதம். உமிழ்நீர் நுரையீரலுக்குப் போவதை முழுக்கத் தடுக்க முடியாவிட்டாலும், போகிற உமிழ்நீரில் கிருமி குறைந்தால் போதும். இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடத்தியது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்கல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று நாளில் செவிலியர்கள் கறாராகக் கவனிக்கப் பழக்கினார். 90 நாள் கழித்து இறந்தவர்களும் பிறரை நம்பி வாழ்பவர்களும் சேர்ந்து, பழக்காத பிரிவுகளில் 58 சதவீதம், பழக்கிய பிரிவுகளில் 42 சதவீதம். 2011ல் வந்த இந்த முடிவுக்குப் பின்னால் விலையுயர்ந்த மருந்து எதுவும் இல்லை.

இனி சமையலறை. எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதில் நாட்டுக்கு நாடு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி குழப்பம் இருந்தது. 2013ல் கூடிய பன்னாட்டுக் குழு ஒன்று 0 முதல் 7 வரை எட்டுப் படிகளை வகுத்தது. தண்ணீர் 0, சாதாரண உணவு 7. பதத்தை அளக்க ஆய்வகம் வேண்டாம். ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துத் திரவத்தை நிரப்பி, விரலை எடுத்து 10 வினாடி ஒழுகவிட வேண்டும். ஒரு மில்லிக்குக் கீழே மிஞ்சினால் அது தண்ணீர் மாதிரி. நாலிலிருந்து எட்டு மில்லி மிஞ்சினால் படி 2. கேழ்வரகுக் கூழையும் கஞ்சியையும் இப்படி அளந்து, கூடக் கொஞ்சம் காய்ச்சியோ வெந்நீர் விட்டோ பதப்படுத்தலாம். வீட்டாருக்கு மிகப் பத்தியமாகத் தோன்றும் ரசம் சாதம்தான் இதில் ஆபத்தானது. பருக்கையை மெல்லும்போதே ரசம் தனியாகத் தொண்டைக்கு ஓடிவிடும். குழைத்து ஒரே பதமாக மசித்த சாதம் பத்திரமானது.

இந்தியாவில் பேச்சு, கேட்பு நிபுணர்களை உருவாக்கும் முதன்மை நிறுவனம் 1960களின் நடுவில் மைசூரில் எழுந்தது. சென்னை, வேலூர் போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் விழுங்கல் சிகிச்சை இன்று கிடைக்கிறது. மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் அது அரிது. அங்கே மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு, அதை எப்போது எடுப்பது என்று ஒரு தேதி சொல்லப்படுவதில்லை. குழாயை மாற்ற மட்டும் தேதி சொல்கிறார்கள்.

வீட்டில் ஒருவருக்கு முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் 108ஐ அழையுங்கள். தெளியட்டும் என்று தண்ணீரோ சோடாவோ காபியோ வாயில் ஊற்றாதீர்கள், மாத்திரையும் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் முதல் உணவு கொடுப்பதற்கு முன் விழுங்கல் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். ஊட்டும்போது படுக்க வைத்து ஊட்டாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்கவிடுங்கள். குழாயில் சாப்பிடுகிறவருக்கும் தினம் பல் துலக்கிவிடுங்கள். குழாயோடு வீடு திரும்பினால், மறுபடி எந்த நாளில் விழுங்கலைச் சோதிப்பீர்கள் என்று டாக்டரிடம் கேட்டு, அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள்.